எந்த ரேட்ல பாக்கறீங்க?

எங்கம்மா தன் வாழ்நாளில் தனக்கென்று கடைக்குப் போய், தானே பிரித்துப் பார்த்து, தானே பொறுக்கி எடுத்த புடவை மொத்தம் மூணு. மத்ததெல்லாம் யாராவது கொடுத்தது. கல்யாணப் புடவைகூட அப்பா வீட்டுக்காரங்க எடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததுதான். என்ன கலர் வேணும்னு அவளை யாரும் கேட்கவில்லை. இந்த மூணு புடவையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். புடவையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் எங்கள் குடிசை இருந்தது. அம்மா மாட வீதியிலும் அதை ஒட்டின சந்துகளிலும் நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த வீடுகளில் புடவை கிடைக்கும். ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு, அவங்க கட்டிக் கழித்தது. இன்னொண்ணு, புதுசு. ஆனால் அந்தப் புதுசுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கடையில் 'வீட்டு வேலை செய்றவங்களுக்குக் கொடுக்கணும்' என்று சொன்னால் ஒரு தனி அடுக்கிலிருந்து எடுத்துப் போடுவார்கள். ஒரே மாதிரிப் பூ, ஒரே மாதிரிப் பச்சை, ரெண்டு தண்ணியில் சாயம் போய்விடும். பொங்கலன்று எங்கள் தெருவில் நாலு பொம்பளைங்க ஒரே புடவையில் நிற்பார்கள். பார்க்கிறவனுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

பழைய புடவையில் மாமிகளின் ஒன்பது கஜம் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஆறு கஜத்தை வெட்டி அம்மா கட்டிக்கொள்வாள். மீதி மூணு கஜம் எனக்குப் பாவாடையாகும், அப்புறம் பெரியவளானதும் தாவணியாகும். "ரெண்டு தரம்தான் உடுத்திண்டேன், புதுசாட்டம் இருக்குடி" என்று சொல்லி மாமி அதைக் கொல்லைப்பக்கத்துத் துவைக்கிற கல்லின்மேல் வைப்பார். கையில் கொடுக்க மாட்டார். அம்மா கல்லிலிருந்து எடுத்துக்கொள்வாள். வருஷக்கணக்காக அந்த வீட்டுத் துணியைத் துவைத்துப் பிழிந்து காயப்போட்ட கைதான் அது.

ஒரு வருஷம் பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்க அம்மாவோடு போனேன். எனக்குப் பத்து வயசிருக்கும். அம்மா வேலை செய்கிற வீட்டுப் பெண் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "ஐ, இது என் பாவாடை!" என்று கத்தினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அவளுக்கு. காணாமல் போன பொம்மையைப் பார்த்த சந்தோஷம்தான். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி அந்தப் பாவாடையைக் கழற்றிச் சுருட்டி கால்வாயில் போட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அடுத்த மாசமே தீபாவளிச் சீட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.

சீட்டு முடிந்த தீபாவளிக்கு, 1984 என்று ஞாபகம், தி.நகருக்குப் போனோம். அப்போது உஸ்மான் ரோட்டிலும் பனகல் பார்க்கைச் சுத்தியும் மெத்தை விரித்த ஜவுளிக்கடைகள் இருந்தன. வெள்ளை விரிப்பில் கடைக்காரர் உட்கார்ந்து புடவையை வீசி விரிப்பார். வாங்குகிறவர்கள் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு கடையில் நுழைந்தோம். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு விரிப்பின் ஓரத்தில் நின்றாள். உட்காரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"எந்த ரேட்ல பாக்கறீங்க?"

அம்மா சொன்னாள், "நல்லதா காமிங்க."

"அதாம்மா, எந்த ரேட்ல? யாருக்கு? வீட்டம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்களா?"

"எனக்குத்தான்."

அவர் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தார். தலை, காது, கழுத்து, கை, கால். பின்னால் திரும்பிப் பையனிடம் ஏதோ சொன்னார். பையன் கொண்டு வந்து போட்டது அந்தப் பச்சைப் புடவை. அதே பூ. அம்மா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேற யாருக்கோ விரித்திருந்த மாம்பழ மஞ்சள் புடவையின் முந்தானையைத் தொட்டாள். "அத்தத் தொடாதம்மா, கறை படும். அதுவும் இல்லாம உன் கலருக்கு மஞ்சள் எடுக்காது" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. கையில் சீட்டுப் பணம் இருந்தது. அந்த மஞ்சள் புடவையின் விலைக்குப் பத்தாமல் போயிருக்கலாம். ஆனால் விலை என்ன என்றே எங்களுக்குச் சொல்லவில்லை. விலை கேட்கிற இடம் வரைக்கும்கூட எங்களால் போக முடியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று பாண்டி பஜாருக்கு நடந்தாள். பிளாட்பாரத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு பாய் நைலக்ஸ் புடவை குவித்து வைத்திருந்தார். குனிந்து கிளறி மஞ்சளாக ஒண்ணை இழுத்தாள். "இன்னா வெல?" "நாப்பத்தஞ்சு." முப்பத்தெட்டுக்குப் பேசி வாங்கினாள். அந்தப் பிளாட்பாரத்தில் யாரும் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அதுதான் முதல் புடவை. சாயம் போகிற வரைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதைத்தான் கட்டினாள், கலருக்கு எடுக்காத மஞ்சளை.

அந்தக் கடைக்காரர் சாதி கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. 'எந்த ரேட்ல' என்ற கேள்வியிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. நிறம், காதில் கிடக்கிற கவரிங், பேசுகிற பாஷை, செருப்பை எங்கே விட்டாள், எங்கே நின்றாள், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவரே ஒரு ரேட்டைப் போட்டுவிட்டார். புடவைக்குப் போட்ட ரேட் இல்லை அது.

பின்னால் கல்லூரிக்குப் போய்ப் புத்தகங்களைப் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்கு எவ்வளவு வயசு என்று தெரிந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் புத்தகத்தில் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறின இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் எட்டு பதினொன்றாகியது. எட்டையும் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் துணியும் அலங்காரமும்தான். நாம் எதை உடுத்துகிறோம் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்!

அதற்கு முன்னால் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதற்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரசர் மறைக்கலாம் என்று ஆணையிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. அந்தச் சமூகத்தில் பிறந்து, 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சவுந்தரபாண்டியனார் பெயரில்தான் பாண்டி பஜார் இருக்கிறது. 'பாண்டி' என்றால் பாண்டிச்சேரி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். துணி உடுத்தக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பிள்ளை பெயரில் ஊரே துணி வாங்குகிற கடைவீதி. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. எங்கள் முறை எப்போது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் அண்ணல் பெண்களிடம் தனியாகப் பேசினார். மற்ற பெண்கள் எப்படிப் புடவை கட்டுகிறார்களோ அப்படியே கட்டுங்கள், துணியை வைத்தும் நகையை வைத்தும் உங்களை அடையாளம் கண்டுபிடிக்க விடாதீர்கள், கிழிந்திருந்தாலும் சுத்தமாக உடுத்துங்கள் என்று சொன்னார். கோயில், குளம் பற்றிப் பேசின தலைவர் புடவையையும் விடவில்லை. அவர் தலைமையில் எழுதின அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், சாலை, ஓட்டலோடு கடைகளும் வருகின்றன. சாதியைக் காட்டி யாரையும் கடைக்குள் தடுக்கக் கூடாது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவில் நகையும் ஆடம்பர உடையும் அணிவதைத் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது. ஒருத்தி நல்ல புடவை கட்டலாம் என்று ஒரு நாடு சட்டம் போட்டு எழுத வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் 'உன் கலருக்கு எடுக்காது' என்பதை எந்தப் பிரிவில் கொண்டுபோய் வழக்குப் போடுவது?

ரெண்டாவது புடவை 1995இல். நான் தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அம்மாவை ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப் போனேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். மாடி மாடியாக ஒரு பெரிய கடை. மெத்தை இல்லை. மேஜை மேஜையாகப் புடவை குவிந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரு சீட்டு, அதில் விலை. பேரம் கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா ஒரு புடவையைத் தூக்கினாள், சீட்டைத் திருப்பினாள், எனக்குக் காட்டினாள், வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. ஒரு மணி நேரம் அதையே செய்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நம்பர் தெரியும். "இந்தச் சீட்டு நல்லாகீதுடி. வாயத் தொறக்காமலே பதில் சொல்லிடுது" என்றாள்.

எல்லாரையும் உள்ளே விட்டது சமத்துவத்தால் அல்ல, வியாபாரத்தால்தான் என்பது எனக்கும் தெரியும். அந்த நெரிசலில் மாமியும் அம்மாவும் ஒரே குவியலில் கை விட்டுக் கிளறினார்கள் என்பதும் நிஜம். அந்த ஒரு மணி நேரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அம்மா வேறொன்றையும் பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் யூனிபாரம் புடவையில் ஒரு பெண். பதினெட்டு வயசிருக்கும். "வாங்கக்கா, பாருங்கக்கா" என்று விடாமல் சொல்லிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்து நின்றாள். அம்மா கேட்டாள், "எம்மாம் நேரமாம்மா நிக்கிற?"

"காலைல ஒம்பது மணில இருந்துக்கா."

"குந்தமாட்டியா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உக்காந்தா ஏசுவாங்கக்கா. சம்பளத்துல பிடிச்சிருவாங்க." திருநெல்வேலிப் பக்கம். கடைக்காரர்களே தங்க இடம் கொடுத்திருந்தார்கள், ஒரு அறையில் நிறையப் பேராம். தீபாவளிக்கு ஊருக்குப் போவியா என்று அம்மா கேட்டதற்கு, "தீபாவளிக்கா? அப்பதானக்கா ஏவாரமே" என்று சிரித்தாள்.

அம்மா நூற்று எண்பது ரூபாயில் கத்தரிப்பூ கலர் புடவை எடுத்தாள். திரும்பி வரும்போது பேசவே இல்லை. ரயிலில் சொன்னாள், "மாமி வூட்ல நானு நின்னேன். இங்க அது நிக்குது. எனக்குக் குந்தறதுக்குக் கல்லாச்சும் இருந்தது."

2008 செப்டம்பரில் அந்தத் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ரெண்டு ஊழியர்கள் செத்தார்கள். 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத்திருத்தம் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021இல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அந்தப் பிரிவு சேர்ந்தது. எல்லாக் கடையிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும். 1947இல் போட்ட சட்டத்தில் 'உட்கார்' என்ற சொல் நுழைய எழுபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது. இப்போது எந்தக் கடைக்குள் போனாலும் நான் புடவையைப் பார்ப்பதற்கு முன் ஸ்டூலைத்தான் தேடுகிறேன். சில கடைகளில் இருக்கிறது. சில இடங்களில் ஸ்டூல் மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது.

மூணாவது புடவை 2016இல். கால்வாய் ஓரத்துக் குடிசையெல்லாம் காலியாகி, அம்மா தம்பியோடு கண்ணகி நகருக்குப் போய் ரொம்ப வருஷமாகியிருந்தது. வேலைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தாள். ஒருநாள் முடிச்சை அவிழ்த்துப் பணத்தை என் முன்னால் வைத்தாள். "பட்டு எடுக்கணும்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். செத்தப்பறம் போத்தறதுக்கு இல்ல. உசுரோட கட்டிக்க."

அதே உஸ்மான் ரோடு. அந்தப் பழைய கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. இன்னொரு பட்டுக் கடைக்குப் போனோம். ஏ.சி., கண்ணாடி, உட்காரச் சாய்வு நாற்காலி. அம்மா நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். விற்பனைப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"எந்த ரேட்ல பாக்கறீங்கம்மா?"

எனக்கு உடம்பு நடுங்கியது. அம்மா நிதானமாகச் சொன்னாள், "நீ எல்லா ரேட்லயும் காமிப்பா. நானு பாத்துக்கறேன்."

காட்டினான். முப்பது புடவைக்கு மேல் விரித்தான். முப்பதாயிரம் ரூபாய்ப் புடவையையும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கடைசியில் மூவாயிரத்து இருநூறில் ஒரு மஞ்சள், அரக்கு பார்டர். "எடுக்குதாப்பா என் கலருக்கு?" என்று அவனைக் கேட்டாள். அவன் "சூப்பரா இருக்கும்மா" என்றான். பில் போடுவதற்குள் அம்மா ஒரு காரியம் செய்தாள். விரித்துக் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "விடுங்கம்மா, நாங்க மடிச்சுக்கறோம்" என்றான் அவன். "நாந்தான பிரிக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானை வெளியே தெரிகிற மாதிரி அவன் மடிப்பிலேயே மடித்து வைத்தாள். பத்துப் பன்னிரண்டு புடவை. நானும் கூட மடித்தேன்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 அன்றைக்கு அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு கண்ணகி நகரில் அண்ணல் படத்துக்கு மாலை போடுவாள். 2022இல் இறந்தபோது, பெட்டியிலிருந்து அதை எடுத்துப் போர்த்தச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நான் விடவில்லை. அவள் சொன்னதைச் சொன்னேன். வேறு கோடிப் புடவை வாங்கிப் போர்த்தினோம்.

போன ஆடியில் என் மகள் என்னை தி.நகருக்குக் கூட்டிப் போனாள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் நடந்தோம். அவள் போனது வெளிநாட்டுப் பெயர் போட்ட ஒரு துணிக்கடைக்கு. வாசலில் காவலாள் என் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு முன்னால் தோல் பை மாட்டிப் போன அம்மாவை விட்டுவிட்டார். கேள்வி எதுவும் இல்லை. கேள்வி வாயிலிருந்து கண்ணுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே மகள் ஆறு உடுப்பை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனாள். போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், பிடிக்கவில்லை என்று கொடுத்தாள். யாரும் கறை படும் என்று சொல்லவில்லை. மஞ்சளில் ஒரு குர்தா எடுத்தாள். பாட்டி ஞாபகமா என்று கேட்டேன். "இல்லம்மா, எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கழுத்துக்குள் இருந்த சீட்டைத் திருப்பினேன். விலையோடு, இந்தியாவில் தைத்தது என்றும் போட்டிருந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் பெண் கொல்லப்பட்டாள். எச் அண்டு எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்த ஆலையின் தொழிலாளி. அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவன் ஏற்கெனவே தொல்லை கொடுத்து வந்தான் என்று குடும்பமும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியோடும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட வைத்தார்கள். தையல் வரிசையிலேயே தொழிலாளிகளில் இருந்து கண்காணிப்பவர்கள், ஆலைக்கு வெளியே புகார் கேட்கிற அமைப்பு, பழிவாங்கத் தடை. இதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப வாங்க வேணாமா?" என்றாள். ஆர்டரை நிறுத்திவிட்டு ஓடாதே, இருந்து பொறுப்பை ஏற்றுக்கொள் என்றுதான் அந்தச் சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள், வாங்காதே என்று சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் குர்தாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாங்கினாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து வெளியே வந்த பிள்ளை நான். என் பிள்ளையிடம் வைத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டிரையல் ரூம் வாசலில் ஒரு பெண், எல்லாரும் கழற்றிப் போட்டதை மாட்டியில் மாட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஸ்டூல் இல்லை. மகள் வேண்டாம் என்று வைத்த ஐந்தையும் நான் எடுத்து, பொத்தான் போட்டு, மாட்டியில் மாட்டிக் கொடுத்தேன். "பரவால்ல மேடம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"நாங்கதானம்மா பிரிச்சோம்" என்றேன். "எத்தனை மணிக்கு வந்தே?"